ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு காலுறைக் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாமா சர்க்கரையைக் குறைத்தாரா அல்லது டாக்டரை மாற்றினாரா என்று விவரமாக எழுது. தினமும் வாட்ஸப்பில் பேசுகிறோமே, அப்புறம் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸப்பில் நீ என்னைப் பேச விட்டால்தானே!

முதலில் இந்த இங்கிலாந்து ஊர்ச் செய்தி. எங்கள் தெருமுனைத் தபால் பெட்டிக்கு உல்லன் தொப்பி மாட்டியிருக்கிறார்கள். சிரிக்காதே, நிஜம். நம் தெருவில் தபால் பெட்டி இருக்கிறதா என்பதே யாருக்கும் நினைவில்லை. இங்கே அதற்குக் குளிருமே என்று கவலைப்படுகிறார்கள். இது நவம்பர் மாதம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு ஓய்ந்தது என்பதால், இந்த மாதத்தில் பாதிப் பேர் சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ குத்திக்கொண்டுதான் வெளியே வருவார்கள். தபால் பெட்டித் தொப்பியைச் சுற்றியும் பாப்பிப் பூக்கள். உச்சியில் தலைகுனிந்து நிற்கிற ஒரு குட்டிச் சிப்பாய். எல்லாமே குரோஷா. டிசம்பர் பிறந்தால் சிப்பாய் இறங்கிவிடுவார், கிறிஸ்துமஸ் தாத்தா ஏறிவிடுவார். அந்தப் பூக்களில் இடது ஓரத்தில் கொஞ்சம் கோணலாக இருப்பது உன் தம்பி பின்னியது.

மாமாவிடம் இதைச் சொல்லாதே. ஏற்கெனவே விசாத் தாளில் என்னை மனைவியைச் சார்ந்திருப்பவன் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தே அவர் நாலு வருஷம் ஓட்டுவார்.

நான் ஊசி எடுத்த கதை இதுதான். என் மனைவிக்கு மருத்துவமனையில் நைட் டியூட்டி. வேலூரில் படித்த நர்ஸுக்கு எந்த நாட்டிலும் நைட் டியூட்டி தப்பாது போலிருக்கிறது. விடிந்ததும் வந்து படுத்தால் மத்தியானம் வரை வீட்டில் சத்தம் கூடாது. மிக்சி கூடாது, குக்கர் விசில் கூடாது. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால், சட்னிகூட அரைக்க முடியாத ஆம்பளை வீட்டில் என்ன செய்வான்? ஹீட்டர் போடலாமென்றால் கேஸ் பில்லைப் பார்த்தாலே வியர்த்துவிடுகிறது. தனியாக ஹீட்டர் வேண்டியதில்லை. 2022-ல் கேஸ் விலை எகிறியபோது இந்த நாட்டு நூலகங்கள் பலவும், வந்து உட்கார்ந்து குளிர் காயுங்கள், காசு வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டன. இலவசம் என்றால் உன் தம்பி விடுவானா? போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு மூலையில் வாரம் ஒருநாள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பின்னுவார்கள். பின்னுவது பாதி, ஊர்வம்பு பாதி. நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு கதகதப்பாக இருந்தேன். அவர்களால் பொறுக்க முடியவில்லை. நம்மூர்ப் பந்தியில் சும்மா நிற்பவன் கையில் சாம்பார் வாளியைத் திணிப்பார்களே, அப்படி ஒரு ஜோடி ஊசியைத் திணித்துவிட்டார்கள். நீ ஒயர் கூடை போடும்போது சிவன் கண் முடிச்சுக்கு ஒயர் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பயிற்சி அங்கே கைகொடுத்தது. ஆனால் ஒயரில் ஒரு முடிச்சை விட்டால் கூடை அப்படியே நிற்கும். உல்லனில் ஒரு கண்ணி நழுவினால் அடிவரை பிரிந்துகொண்டே போகும், கண்ணெதிரே.

எனக்கு வாய்த்த வாத்தியார் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி. என்னை ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார். பதறாதே, இந்த யார்க்‌ஷயர் பக்கத்தில் பஸ் டிரைவர், கறிக்கடைக்காரர், கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் எல்லாருமே ‘லவ்’தான். முன்ஜாக்கிரதையாக மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

பாட்டி பள்ளிக்கூடத்தில் படித்த காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்தும் தீரவில்லை, 1949 வரை நீடித்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன். அதனால் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவி, சுருக்கம் போக எடை கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைக்கு மறுபடி பின்னுவார்களாம். போர்வீரர்களுக்கென்று பின்னும் நூலுக்கு மட்டும் கூப்பன் இல்லை. வகுப்பிலேயே பெண் பிள்ளைகள் மப்ளர், கையுறை, காலுறை என்று பின்னித் தள்ளியிருக்கிறார்கள். பாட்டி முதலில் பின்னிய காலுறையில் ஒன்று முழங்கால் வரை, இன்னொன்று கணுக்கால் வரை. ‘எங்கேயோ ஒரு மாலுமிக்கு ஒரு கால் மட்டும் குளிர்ந்திருக்கும்’ என்று பாட்டி இன்னும் வருத்தப்படுகிறார்.

காலுறை என்றால் லேசாக நினைத்துவிடாதே. இரண்டு முனையும் கூராக இருக்கும் சின்ன ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்துப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். குதிகால் வந்ததும் பாதி வரிசையில் திரும்பித் திரும்பிப் போய் அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். கடைசியில் விரல் முனை. அதை மடித்துத் தைத்தால் தடிப்பு விழும். தடிப்பு தினமும் மைல் கணக்கில் நடக்கிறவன் விரலில் கொப்புளமாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நாள்கணக்கில் ஈரக் காலோடு நின்றதில் சிப்பாய்களின் பாதம் அழுகிப்போனது. காலில் திமிங்கில எண்ணெய் தடவு, தினமும் காலுறை மாற்று என்று மேலிடத்து உத்தரவே இருந்தது. அதனால் விரல் முனையைத் தையலே தெரியாமல் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடும் ஒரு முறை உண்டு. அதற்குக் கிச்னர் பிரபுவின் பெயர். நம் நாட்டில் 1902 முதல் 1909 வரை தலைமைத் தளபதியாக இருந்த அதே கிச்னர்தான். அவரே கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள், சான்று கிடையாது. அந்த மீசையைப் பார்த்தால் ஊசி பிடித்தவராகத் தெரியவில்லை. 1916-ல் கப்பலோடு மூழ்கிப் போனதால் கேட்கவும் வழியில்லை.

எங்கள் வட்டத்தில் என்னைத் தவிர இன்னொரு ஆம்பளை உண்டு. எண்பது கடந்த பெரியவர். இந்த நாட்டில் போருக்குப் பிறகும் 1960 வரை பையன்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுத்தார்கள். இவரை எடுத்து மலாயாவுக்கு அனுப்பினார்கள். நான் தமிழன் என்றதும் ‘தண்ணி! தண்ணி கொண்டா!’ என்றார். நூலகமே திரும்பிப் பார்த்தது. ரப்பர் தோட்டத்து நம் ஜனங்களிடம் கற்ற தமிழ். காட்டில் சண்டை நடந்த காலமாயிற்றே, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். உருளைக்கிழங்கு பார்த்தேன் என்றார். மூட்டை மூட்டையாக உரித்தாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஆனால் காளான் மாதிரி ஒரு மரக்கட்டையைக் காலுறைக்குள் விட்டு, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டி அவர் அடைக்கிற அழகு இருக்கிறதே! பட்டாளத்தில் ஆளுக்கொரு துணிச்சுருள் கொடுப்பார்களாம். ஊசி, நூல், பட்டன், காலுறை அடைக்கக் கம்பளி நூல் எல்லாம் அதற்குள். ‘என் மனைவியை ஒரு பட்டன்கூடத் தைக்க விட்டதில்லை’ என்றார்.

அக்கா, எனக்கு அந்த இடத்தில் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

நம் வீட்டில் பாட்டி எப்போதாவது ஊசியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? உன் பாவாடைக்கு ஓரம் அடித்தது யார்? என் டிராயருக்கு பட்டன் தைத்தது யார்? எல்லாம் மிலிட்டரி தாத்தாதானே. விடிகாலை ஐந்து மணிக்கு நம்மை எழுப்பி, போர்வையை நாலு மூலையும் சேர மடிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். ஊரே அவரிடம் கேண்டீன் ரம் எப்போது வரும் என்று கேட்டது. நமக்கோ போர்க் கதை வேண்டியிருந்தது. கம்மவான்பேட்டைப் பக்கம் மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருந்தால், பையன்கள் மத்தியில் யார் தாத்தா பெரிய ஆள் என்று போட்டி வரும் அல்லவா? மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி எடுத்து, இத்தாலி வரை போனவர். கட்டாயமே இல்லாமல் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்த படையில் ஒருவர். எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா என்று கேட்டால் வந்த பதில் உனக்கும் மனப்பாடமாக இருக்கும். ‘பாலம் கட்டினோம். மழை. காலுறை காயவேயில்லை.’ அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரை மூன்று வாக்கியத்தில் முடித்த ஒரே மனுஷர் என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொள்வாரே.

அந்த மூன்றாவது வாக்கியம் எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. வேலூர்க்காரனுக்குத் துணி காயாது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று ஆகிவிடும் ஊரல்லவா நம்முடையது. இங்கே திங்கட்கிழமை துவைத்த காலுறை வியாழக்கிழமையும் ரேடியேட்டர் மேல் ஈரமாகத் தொங்குகிறது. இங்கே தலைக்கு மேல் கூரை இருக்கிறது, என்னை யாரும் சுடவில்லை. கூரையில்லாமல், 1944 குளிரில், ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் மாட்டிக்கொண்டு... தாத்தா கதையைச் சுருக்கவில்லை அக்கா. இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

பேசாமல் இருப்பதில் தாத்தாவை மிஞ்சிய ஒருவரும் உண்டு. ஃபிலிஸ் லாட்டூர் என்ற பெண்மணி. 1944 மே மாதம் பாரசூட்டில் நார்மண்டியில் குதித்து, சோப்பு விற்கும் பெண்ணாகச் சைக்கிளில் சுற்றி, ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி 135 ரகசியச் செய்திகள் அனுப்பினார். சங்கேதக் குறிகளைப் பட்டுத் துணியில் எழுதி, பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. 2000-வாக்கில் மூத்த மகன் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தார். 2023-ல் நியூசிலாந்தில் 102 வயதில் காலமானார்.

தாத்தாவின் காக்கி குரங்குக் குல்லாய் ஞாபகம் இருக்கிறதா? மார்கழி பிறந்ததும் பெட்டியிலிருந்து வெளியே வருமே, வலது காதுப் பக்கம் ஓட்டையோடு. நீ அதில் விரலை விட்டு அவர் காதைத் தொடுவாய். போர்க் காலத்தில் லண்டனில் இந்திய வீரர்களுக்கென்றே ‘இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட்’ என்று ஓர் அமைப்பு இருந்தது. இந்த நாட்டுப் பெண்கள் பின்னிய கம்பளி உடுப்புகளை அது நம்மவர்களுக்கு அனுப்பியது. எனக்கு ஒரு நப்பாசை. குல்லாயின் நிறம், ஓட்டை இருந்த இடம் எல்லாம் வர்ணித்து நூலகப் பாட்டியிடம் கேட்டேன், அது நீங்கள் பின்னியதாக இருக்குமோ என்று. பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: ‘காதுப் பக்கம் கண்ணி நழுவியிருந்ததா? அப்படியானால் என்னுடையது இல்லை, லவ்.’

போன சனிக்கிழமை சின்னவளை இங்கே பேங்க்ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். துணி நெசவும் ஒரே கட்டடத்தில், இந்த ஊர்ப் படைப்பிரிவின் வரலாறும் அதே கட்டடத்தில். அந்தப் படைப்பிரிவின் முன்னோர்தான் வெல்லெஸ்லி என்ற தளபதியின் 33-ஆம் காலாட்படை. அதுவும் சேர்ந்து 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன ஆங்கிலப் படை எங்கே கூடிப் புறப்பட்டது தெரியுமா? நம் வேலூரில்! திப்புவின் குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்ததும் அங்கேதான். 1806-ல் நம் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகைதான் தீப்பொறி. தலையில் என்ன மாட்டுவது என்பது வேலூருக்கு எப்போதுமே பெரிய விஷயம். இந்த ஊர்ப் படைக்காரர்கள் விசா இல்லாமல், கட்டணம் இல்லாமல், ஆங்கிலத் தேர்வு எழுதாமல் நம் ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள். என் மனைவி எத்தனை தேர்வு எழுதி இங்கே வந்தாள் என்பது உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை இடித்துக் கட்டப் போவதாகவும், பரண் சாமான்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போவதாகவும் மாமா சொன்னார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை மட்டும் தொடவிடாதே. உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எந்த இடம் என்று அதில் இருக்கும். குல்லாயைப் பூச்சி அரிக்காமல் மிச்சம் வைத்திருந்தால் ஒரு வெயில் காட்டி, வேப்பிலை போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வை. வெந்நீரில் மட்டும் முக்கிவிடாதே. அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது. தாத்தாவைப் பற்றி விவரம் தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான். இந்த வாரமே போய் உட்கார்ந்து, போனில் ரிக்கார்டு போட்டுவிட்டுக் கேள். போரைப் பற்றிக் கேட்காதே, அவருக்கும் அந்த மூன்று வாக்கியம்தான் தெரியும். லீவில் வரும்போது தாத்தா என்ன கொண்டுவருவார், துணியை எப்படித் துவைப்பார், தையல் யாரிடம் கற்றார் என்று கேள்.

உன் கால் அளவை அங்குலத்தில் எழுதி அனுப்பு. குதிகாலிலிருந்து பெருவிரல் வரை.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி