பரண் மேலிருந்து மானை அண்மைப்படுத்தல்: ஒரு விசாரணை

மானிட ஜாதி ஆராய்ந்து தீர்த்துவிட்ட விஷயங்கள் எத்தனையோ இருக்க, மரத்தின் மேல் பரண் அமைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு முப்பது கஜ தூரத்துக்குள் மான் எவ்வாறு வந்து சேருகிறது என்னும் விஷயம் நம் பண்டிதர்களின் திருஷ்டிக்குப் படாமலே கிடப்பது வருந்தத்தக்கது. பண்டிதர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. நம் நாட்டில் பரண் என்பது விலங்கையும் பறவையையும் விரட்டுவதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனம். தினைப்புனத்துப் பரண் மேல் ஏறிய குறமகள் கவணை வீசினாள், தட்டையைத் தட்டினாள், ஆலோலம் பாடினாள். எதுவும் கிட்ட வரக்கூடாது என்பதே அவள் கொள்கை. அமெரிக்க தேசத்து விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி நதியை ஒட்டிக் கிடக்கும் பஃபலோ கவுண்டியின் குன்றுகளிலோ அதே பரண் நேர்விரோதமான காரியத்துக்குப் பிரயோஜனப்படுகிறது. அங்கே மேலே ஏறியவன் மூச்சைக்கூட எண்ணித்தான் விடுகிறான். ஒரு நவம்பர் மாதத்தில் அப்பிரதேசத்து நண்பர் ஒருவரின் விருந்தாளியாக இருந்து, வில் பிடிக்காமல் வேடிக்கை மட்டும் பார்த்தவன் என்ற முறையில், பிரத்தியக்ஷப் பிரமாணத்தோடு இவ்விசாரணையைத் தொடங்குகிறேன்.

முப்பது கஜம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்காரனுக்கு இந்த விசாரமே கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தே காரியத்தை முடித்துவிடக் கூடியவனாகையால் அவன் நம் சாஸ்திரத்துக்குப் புறம்பானவன். வில்லாளியின் சங்கடம் வேறு. கப்பிகள் பூட்டிய இக்காலத்து வில்லிலிருந்து புறப்படும் அம்பு வினாடிக்குச் சுமார் 300 அடி செல்கிறது. நாண் எழுப்பும் ஒலியோ வினாடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. ஆகவே 90 அடி தொலைவில் நிற்கும் மானின் காதுக்கு ஒலி 0.08 வினாடியில் போய்ச் சேர, அம்பு 0.3 வினாடி கழித்துத்தான் போகிறது. நடுவில் கிடைக்கும் வினாடியின் ஐந்தில் ஒரு பங்கை நானும் நீங்களும் கண்ணிமைக்கச் செலவழிப்போம். மானோ அதற்குள் பாய்ச்சலுக்கு ஆயத்தமாகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்திவிட, அம்பு அதன் முதுகுக்கு மேலே வெறுங்காற்றைக் குத்திக்கொண்டு போகிறது. தூரம் வளர வளர இந்த அவகாசமும் வளருவதால், மானைக் கிட்டத்தில் வரவழைப்பது ஒன்றே வில்லாளிக்குக் கதி.

வரவழைக்கும் உபாயத்தைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் மலிந்திருக்கின்றன. நவம்பர் மாதம் வெண்வால் மானுக்குக் காதற் பருவமாதலால், உதிர்ந்த கொம்புகள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று மோதி, இரு கலைமான்கள் மல்லுக்கு நிற்பது போன்ற ஓசையை உண்டாக்கினால், மூன்றாவது கலைமான் ஒன்று வேடிக்கை பார்க்கவோ பங்கு கேட்கவோ வந்து சேரும் என்பது ஒரு கட்சி. இவர்களிலேயே ஒரு கிளையினர் சிறு குழல் ஒன்றை வாயில் வைத்து ஊதுகிறார்கள். குழலூதி மிருகங்களை வசீகரித்தவர் என்றால் நமக்குக் கோகுலம் நினைவுக்கு வரும்; இக்குழலிலிருந்து கிளம்புவதோ பன்றியின் உறுமலுக்குத் தூரத்து உறவான ஒரு சப்தம். அதற்கும் மான் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரே வருவதில்லை. உறுமியவர் யார் என்பதை மூக்கால் விசாரித்த பிறகே முகங்காட்டுவது என்ற தீர்மானத்தோடு, காற்று எந்தத் திக்கை நோக்கி வீசுகிறதோ அந்தத் திக்கில் பெரியதொரு வட்டம் போட்டு வருகிறது.

மக்காச்சோளத்தைக் குவித்து வைத்துக் காத்திருக்கும் அன்னவாதிகளும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் இவர்களுக்கு மதிப்பு அதிகம். விஸ்கான்சினில் 2002-ஆம் ஆண்டு மான்களின் மூளையை அரிக்கும் நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பின், ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் அது பரவும் என்று பல கவுண்டிகளில் அன்னதானத்தைத் தடுத்துவிட்டார்கள். கருவாலி மரத்தடியில் காத்திருப்பதற்குத் தடை இல்லை. துவர்ப்புக் குறைந்த வெண்கருவாலிக் கொட்டையைச் செங்கருவாலிக் கொட்டையிலும் உயர்வாக மான் மதிக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

சாஸ்திரத்தின் ஹிருதயம் வாசனையில் இருக்கிறது. என் நண்பர் வேட்டையுடுப்பை மணமற்ற சவுக்காரத்தில் துவைத்து, வீட்டுக்குள் கொண்டுவராமலே வெளியில் உலர்த்தி, தேவதாரு இலையும் சருகும் போட்ட பெட்டியில் மூடி வைத்து, காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அணிகிறவர். காப்பியை விலக்கினார், பன்றி இறைச்சி வறுவலை விலக்கினார். இத்தகைய நைஷ்டிகர் என்னை முதல் நாள் காலையில் வாசற்படியிலேயே நிறுத்தி, குனிந்து, என் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். மூன்று முறை ஸ்நானம் செய்வித்தார். நான்காம் முறை முகர்ந்துவிட்டு, “இன்னும் என்னவோ இருக்கிறதே” என்று முகத்தைச் சுளித்தார். என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே என் மனைவி வைத்தனுப்பியிருந்த பெருங்காய டப்பாவின் மகிமை அது என்பதை அவருக்கு விளக்குவதற்குள் விடிந்துவிட்டது. அன்றைக்கு மான் ஒன்றும் வரவில்லை. அதற்கான காரணத்தை அவர் என்னிடம் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

காற்றைப் பரீட்சிப்பதற்கு அவர் ஒரு சின்னக் குப்பி வைத்திருந்தார். அதை அழுத்தினால் விபூதி போன்ற வெண்பொடி கொஞ்சம் பறக்கும். மிதந்து போகும் அப்பொடியை அவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். வெயில் ஏறும் காலையில் காற்று மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறுகிறது. மாலையில் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. ஆகையால் காலைக்கு ஒரு பரண், மாலைக்கு ஒரு பரண், காற்று மாறிவிட்டால் மூன்றாவது ஒன்று என்று அவருக்குச் சொத்துக்கள் மூன்று. இவற்றுக்கு மேலே, ருதுக் காலத்துப் பெண்மானின் மூத்திரத்தைச் சிறு சீசாக்களில் அடைத்து அத்தர் போல விற்கிறார்கள். மனிதன் தன் வாசனையைத் தொலைப்பதற்கு ஒரு பணமும், மானின் வாசனையை அடைவதற்கு ஒரு பணமும் கொடுக்கிறான்.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்பைத் தனியாக இனங்காணும் சக்தி மானின் கண்ணுக்குக் கிடையாது. ஆகவே துப்பாக்கிப் பருவத்தில் சட்டப்படி அணிய வேண்டிய கண்கூசும் ஆரஞ்சுச் சட்டை மனிதனை மனிதனிடமிருந்து காப்பாற்றுகிறதே தவிர, மானுக்கு அது ஒரு மங்கல் நிறம். 2016 முதல் விஸ்கான்சினில் இளஞ்சிவப்பையும் அனுமதித்திருக்கிறார்கள்; மான் அதையும் லட்சியம் செய்யவில்லை. நீலத்தை மட்டும் நன்றாகக் காணும். நான் நீல ஜீன்ஸ் அணிந்து போயிருந்தேன்.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழுகிறது. மானுக்காக உண்பதை விட்டு, மானுக்காகக் குளித்து, மானின் காலண்டர்படி நாலு மணிக்கு எழுந்து, மானின் மூத்திரத்தைப் பூசிக்கொண்டு, இருபது அடி உயரத்தில் வாரால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன், மானை வரவழைத்தவனா, மானால் வரவழைக்கப்பட்டவனா? மாரீசன் விஷயத்தில் இக்கேள்விக்கு விடை தெளிவு. அம்பு அவன்மேல் பட்டது உண்மைதான், ஆனால் பர்ணசாலையிலிருந்து அவ்வளவு தூரம் நடந்தது யார்? விஸ்கான்சின் மான் மாரீசனைவிட ஒருபடி மேல் என்பது என் சித்தாந்தம். அது ஓடாமலேயே இதைச் சாதிக்கிறது.

மூன்றாம் நாள் மாலை. இரண்டரை மணி நேரமாகச் சருகில் சலசலப்பு. ஒவ்வொரு முறையும் அணில். என் மூக்கு நுனியில் அரிப்பு எடுத்தது. அரிப்பை அடக்குவதில் பதஞ்சலி முனிவருக்கும் சிரமம் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே, கையை அங்குலம் அங்குலமாக உயர்த்தினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ‘புஸ்’ஸென்று ஒரு சீறல். எவ்வளவு நேரமாக அங்கே நின்றதோ தெரியாது, ஒரு பெண்மான் முன்னங்காலால் தரையை இருமுறை தட்டிவிட்டு, வாலை நிமிர்த்தி அதன் வெண்மையைக் கொடி போலக் காட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் குதித்துப் போயிற்று. நண்பர் வில்லைக் கொக்கியில் மாட்டினார். ஒன்றும் பேசவில்லை.

இருட்டிய பிறகு வீடு திரும்பினோம். சமையலறையில் வெங்காயம் வதங்கும் மணம் தெருவரைக்கும் வந்தது. வாசல் விளக்கு எரிந்தது. நண்பரின் மனைவி முன்தாழ்வாரத்தில் நின்றவாறு, தங்கையோடு தொலைபேசியில் உரத்த குரலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் அக்டோபர் பண்டிகைக்குக் குடைந்து வைத்த பூசணிக்காய், முகம் பாதி அழுகி, இன்னும் அகற்றப்படாமல் இருந்தது. அதற்குள் மூக்கை விட்டு, எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் மென்றுகொண்டிருந்தது. எங்கள் காரின் வெளிச்சம் பட்டதும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

சட்டம் அனுமதிக்கும் நேரம் கடந்துவிட்டபடியால் நண்பர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அது தின்று முடித்துப் போன பிறகு, ஆராய்ச்சியின் பொருட்டு, மனைவியார் நின்ற இடத்திலிருந்து குளம்புச் சுவடு வரைக்கும் நான் காலால் அளந்து பார்த்தேன். ஐந்து எட்டு.