சோத்துக்குக் காசா?

எங்கள் அடுக்ககத்தில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் ஆன்ட்டி முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். சந்தனம் பூசுவார், வளையல் அடுக்குவார், புளியோதரையில் உப்பு ஒரு கல் கம்மி என்பார். வாய் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே மனசு கணக்குப் போடும். சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் பதினெட்டு. "அப்ப ஆடி பொறந்ததும் ஆபீஸ் போகணும் இல்ல பாப்பா?" என்று கர்ப்பிணியின் காதோடு கேட்டுவிட்டுத்தான் தாம்பூலத்தைக் கையில் வாங்குவார்.

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அடுக்ககத்துக்கு ஓர் ஆன்ட்டி உண்டு; வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக் காசுக்குப் பார்த்துக்கொள்வார். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. என் மனைவியின் அலுவலகத்திலும் அந்த வசதி சுற்றறிக்கையில் இருக்கிறது. குழந்தைகள் மட்டும் ஆன்ட்டி வீட்டு ஹாலில் இருக்கிறார்கள்.

எங்கள் பையனைச் சேர்க்கப் போனபோது அவனுக்கு இரண்டு வயது. ஆன்ட்டி முதலில் அவனைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு பால்கனிக்குப் போய், நாங்கள் வந்தது காரா பைக்கா என்று எட்டிப் பார்த்தார். பைக்தான். முகத்தில் ஐந்நூறு ரூபாய் இறங்கியது.

"பையன் நல்லா சாப்பிடுவானா தம்பி?"

பெற்ற வாய் சும்மா இருக்குமா? "தட்டுல எது வச்சாலும் காலி பண்ணிடுவான் ஆன்ட்டி" என்றேன்.

"அப்படின்னா ஆயிரம் கூட ஆகும். சாப்பிடுற புள்ள, நாலு தடவை கேக்கும்."

மனைவி சட்டென்று குறுக்கே விழுந்து, "அவர் சும்மா சொல்றார். ஒரு இட்லி உள்ள போறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடும்" என்றாள்.

"அப்ப ஆயிரத்து ஐந்நூறு. ஊட்டுறதுக்குன்னே ஒரு ஆள் உக்காரணும் இல்ல?"

இரண்டு பதிலுக்கு நடுவே மூன்றாவது பதில் ஏதாவது இருக்கிறதா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அங்கன்வாடியில சத்துமாவு, முட்டையெல்லாம் சும்மாவே தர்றாங்களே ஆன்ட்டி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "தாராளமா விடுங்க தம்பி. சாயங்காலம் ஆறரைக்கு நீங்க வர்ற வரைக்கும் டீச்சர் வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க" என்றார். பேரம் அத்தோடு முடிந்தது.

ஆனால், சாப்பாட்டுக்கு என்று அவர் காசு கேட்டதாக மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் கண் கலங்கிவிடும். "நான் எம்.ஜி.ஆர் சத்துணவு சாப்பிட்டு வளந்தவ தம்பி. சோத்துக்குக் காசு வாங்குவேனா?" ஆன்ட்டிக்குத் திருச்சிப் பக்கம். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சியும் அந்தப் பக்கம்தான். ஆன்ட்டிக்கு அப்போது ஐந்து வயது. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை இன்றைக்கும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

சோறு விற்பது பாவம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அரிசி விற்கலாம், அடுப்பு விற்கலாம், ஆக்கிய சோற்றுக்கு மட்டும் வீட்டுக்குள் விலை சொல்லக்கூடாது. ஆன்ட்டி அந்தப் பாவத்தைச் செய்யாமல் பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். நகைக்கடை கொடுத்த டைரியில் மாதா மாதம் கணக்கு எழுதுவார். அதில் 'சாப்பாடு' என்ற சொல்லே இருக்காது. கேஸ், நெய், சாயங்காலத் தீனி, தட்டு கழுவ, சிந்தியதைத் துடைக்க, சாப்பிட்டபின் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்க என்று தனித்தனியாக இருக்கும். சோறு மட்டும் இலவசம்.

பாலுக்கு நிறத்தை வைத்துக் கணக்கு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. புதிதாக வரும் பெற்றோரிடம் ஆன்ட்டி கேட்பது ஒரே கேள்வி: "புள்ளைக்கு நீலம் போதுமா?" அந்த 'போதுமா'வைக் கேட்டபின் நீலம் என்று சொல்லும் துணிச்சல் எந்தத் தாய்க்கு வரும்? மூன்றாம் மாடி வீட்டுக்காரர் ஒருவர்தான் நீலத்திலேயே நின்றார். அவரை அடுக்ககமே ஒரு மாதிரி பார்த்தது.

காசை மிச்சம் பிடிக்க நாங்களே டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பிப் பார்த்தோம். மாதக் கடைசியில் டைரியில் 'சூடு பண்ண' என்று முந்நூறு ரூபாய் ஏறியிருந்தது. போகட்டும் என்றால், பையன் எங்கள் சாம்பார் சாதத்தைத் தள்ளிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தட்டிலிருந்து ஆன்ட்டியின் ரசம் சாதத்தைத் தின்றிருக்கிறான். டைரியில் அதற்குத் தனித் தலைப்பு இல்லை. வயிற்றெரிச்சல் எங்கள் கணக்கில் சேர்ந்தது.

விடுமுறைக் கணக்கு இன்னும் அழகு. பத்து நாள் ஊருக்குப் போய்வந்தாலும் முழுப் பணம் கட்டவேண்டும். "எடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன் இல்ல?" பொங்கலுக்கு ஆன்ட்டி ஐந்து நாள் பூட்டினாலும் முழுப் பணம்தான். "நல்ல நாள் அதுவுமா காசைப் புடிப்பாங்களா தம்பி?" ஆறரைக்கு மேல் தாமதித்தால் அரை மணிக்கு ஐம்பது ரூபாய். சோழிங்கநல்லூர் சிக்னல் எங்களைவிட ஆன்ட்டிக்குத்தான் அதிகம் உழைத்தது.

ஒரு மழை நாளில் நான் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. இருநூறு ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டே படியேறினேன். கதவு திறந்திருந்தது. பையன் ஆன்ட்டி மடியில் உட்கார்ந்திருந்தான். பால்கனியில் நிலா இல்லை. ஆன்ட்டி டியூப்லைட்டை நிலா என்று காட்டிக் கடைசி உருண்டையை ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேர இட்லிக்காரன், கேட்டு வாங்கித் தின்றான். ரூபாயை நீட்டினேன். "தாமதத்துக்கு வச்சுக்கிறேன். ராத்திரிச் சோத்துக்கு எதுவும் சேக்கலையே?" என்று கேட்டு, நோட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

இந்த ஜூனில் பையன் எல்.கே.ஜி. போகிறான். கடைசி நாள், டைரியைத் திறந்து முன்பணத்தில் கேஸ், நெய், துடைக்க எல்லாம் கழித்து மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய டப்பா நிறையச் சத்துமாவு கொண்டுவந்தார். கேழ்வரகு, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு எல்லாம் பக்குவமாக வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்தது. மூடியைத் திறந்ததும் வாசனை மாடிப்படி வரை போனது.

"எவ்வளவு ஆன்ட்டி?" என்று பர்ஸை எடுத்தேன்.

"சீச்சீ, உள்ள வையுங்க. திங்கிற பொருளுக்கு யாராவது காசு வாங்குவாங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் மேலிருந்து குரல்:

"தம்பி! டப்பாவுக்கு மட்டும் நூறு ரூபா வச்சுட்டுப் போங்க. காலி பண்ணிக் கழுவிக் கொண்டாந்தா திருப்பித் தந்துடுறேன்."