ஈப்போ வெயில் மேல் பழி போடலாமா?

கேள்வி: ஈப்போ வெயிலில் என் மடிக்கணினி கொதிக்கிறது. ஏர்கோன் போட்டே ஆகவேண்டுமா?

பதில்: வெயில் பாவம், விட்டுவிடுங்கள். ஈப்போவில் பகல் வெப்பம் சுமார் 33 டிகிரி. உள்ளேயிருக்கும் சிப்போ 100 டிகிரியை நெருங்கும்போதுதான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, குற்றவாளி காற்றுவழி. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகளால் காற்றை இழுப்பவை. மெத்தையில் வைத்தால் மூக்கைப் பொத்திய மாதிரி. ‘மேசையில் வைத்தும் சுடுகிறதே’ என்பீர்கள். அப்படியானால் விசிறியை ஒட்டிய தகடுகளில் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கலாம். பழைய கணினியானால் சிப்பின் மேல் தடவிய பசையும் காய்ந்திருக்கலாம். ஏர்கோன் அறையைக் குளிர்விக்கும், அடைப்பை எடுக்காது. கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜும் போடாதீர்கள்.