பின்புறம் ஒரு கை

சிறு டிராக்டருக்குப் பின்னால் 'பேக்ஹோ', அதாவது மூட்டுகளில் மடங்கும் இரும்புக் கையும் பல் பதித்த வாளியும் கொண்ட தோண்டு கருவி, அவசியமா என்னும் வினா வயல் சூழ்ந்த ஊர்களில் விவாதத்துக்குரியதாக இருக்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்ட ராயபுரத்தில், உழுவதற்கு ஒரு சென்ட் நிலமும் இல்லாத போதிலும், அதற்கு ஒரே விடைதான் உண்டு. தோண்டும்போது வண்டி ஆடாதிருக்க இருபுறமும் ஊன்றுகால்களை விரித்து நிறுத்த வேண்டும் என்பதால், மன்னார்சாமி கோயில் தெருவை ஒட்டிய சந்துகள் முழு அகலத்துக்கும் அடைபடும். போக்குவரத்துக் காவலர் தேவைப்படாத இச்சிக்கனம் போற்றத்தக்கது.

குடிநீர்க் குழாய்க்காக மூடிய பள்ளத்தை, மண் இறுகுவதற்குள் கழிவுநீருக்காகவும், பின்னர் மின்கேபிளுக்காகவும், தார் போட்ட மறுவாரமே மழைநீர் வடிகாலுக்காகவும் திறப்பது நகர மரபாக இருக்கையில், முன்புறம் மண் தள்ளும் வாளியும் பின்புறம் தோண்டும் வாளியும் உடைய ஒரே வண்டி, பின்னால் தோண்டியதை முன்னால் மூடியபடி, டீசல் தீரும்வரை திரும்பித் திரும்பி உழைக்கும். மூன்று ஒப்பந்ததாரர்களின் வேலையை ஒருவரே முடித்துவிடுவது மட்டும் சற்று நெருடுகிறது. பில் மூன்றாகவே இருக்கட்டும்.

ஆயினும் முடிவை அக்டோபருக்குள் எடுத்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மூடிய பள்ளங்கள் யாவும் எவ்வித இயந்திரமுமின்றித் தாமே திறந்துகொள்ளும் என்பதால், அப்போது டிராக்டரின் பின்னால் மாட்ட வேண்டியது காசிமேட்டு ஃபைபர் படகின் மோட்டாரே.