பேட்ஜும் பருப்புச்சோறும்: ஓர் ஆய்வு

பழைய போலீஸ் பேட்ஜ் சேர்ப்பவர்கள் உண்மையில் எதைச் சேர்க்கிறார்கள் என்ற வினாவுக்கு இதுவரை வழங்கிவரும் விடை 'பித்தளை' என்பதே. பழைய இரும்புக்கடைக்காரர்கள் முன்மொழிந்து, சேர்ப்பவர்களின் மனைவியர் வழிமொழிந்த விடை இது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவர்கள் சேர்ப்பது, சின்ன வயதில் சோற்றோடு விழுங்கிய பயம்.

காலக்கணிப்பில் பெரிய பூசல் இல்லை. கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். நான்முகச் சிங்கம் இருந்தால் 1950 ஜனவரி 26-க்குப் பிந்தையது. தோளில் 'டி.என்.பி.' என்ற பித்தளை எழுத்துகள் இருந்தால் 1969-க்கு முன்னால் போக முடியாது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதே அந்த ஆண்டு ஜனவரி 14-இல்தான். சிங்கத்தின் மூக்கு மழுங்கியிருந்தால் அதை வயது என்று எண்ணிவிடக் கூடாது. பரேடுக்கு முந்தைய இரவு பிராஸோ போட்டுத் தேய்த்தவருக்கு வாய்த்த மேலதிகாரி எப்பேர்ப்பட்டவர் என்பதையே அது காட்டும்.

சிக்கலெல்லாம் பதவி வரிசையில். மூன்று நட்சத்திரமும் சிவப்பு-நீல நாடாவும் இருந்தால் இன்ஸ்பெக்டர். நாடா இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் என்றால் டி.எஸ்.பி. ஒன்றைக் கழற்றினால் பதவி உயரும் துறை இதைத் தவிர சந்நியாசம் ஒன்றுதான். ஊர்க் கணக்கோ இன்னும் நுட்பமானது. கான்ஸ்டபிளை 'ஏட்டையா' என்றும், ஏட்டை 'இன்ஸ்பெக்டர் சார்' என்றும் கூப்பிடுவது நம் மரபு. சைக்கிளில் விளக்கில்லாமல் பிடிபட்டவர் வாயால் ஒரே இரவில் எத்தனையோ பேர் பதவி உயர்வு பெற்றிருக்கிறார்கள். ஆகவேதான் "எங்க ஊர் இன்ஸ்பெக்டரோடது" என்று ஒருவர் எடுத்துக் காட்டும் பேட்ஜில் ஏட்டுக்குரிய மூன்று பட்டை மட்டும் இருக்கிறது. இத்தகைய இடங்களில் பொருளைவிட நினைவையே வலுவான சான்றாகக் கொள்க. எதிர்த்துப் பேசினால் காபி வராது.

கடலூர்க்காரர்களைத் தனியே ஆராய வேண்டும். கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி. அங்கே போலீசுக்குச் சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை விட்டார்கள், 1962-இல் சட்டப்படியும் கைகழுவினார்கள். தொப்பி மட்டும் தங்கிவிட்டது. இதனால் பிள்ளைகளை மிரட்டிச் சோறூட்டும் கடலூர்த் தாய்மார்கள் கையில் இரண்டு ஆயுதங்கள். பருப்புச்சோற்றுக்குக் காக்கி போதும். பாகற்காய்க்குச் சிவப்புத் தொப்பியை வரவழைத்தாக வேண்டும். எல்லை தாண்டி வந்து பிடிக்க அவருக்கு அதிகாரம் இல்லையே என்று எந்தப் பிள்ளையும் வாதாடியதாகச் சான்று கிடைக்கவில்லை. அப்படி வளர்ந்து பேட்ஜ் சேர்க்கும் கடலூர்க்காரர் ஒருவரிடம் கிரீடம் பொறித்த லண்டன் பேட்ஜைக் கொடுத்துப் பாருங்கள். "நல்லா இருக்குங்க" என்று பீரோவில் வைத்துவிடுவார். துருவேறிய சிவப்புத் தொப்பிச் சின்னத்தைக் கொடுத்தால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆரம்பித்து, சில்வர் பீச் வழியாக, பாட்டி செத்த வருஷம் வரை போய்த்தான் நிற்பார்.

பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் பேரீச்சம்பழ வண்டிக்குப் போட்டுவிடாதீர்கள். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்திலேயே 2021-இல் காவல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். கண்ணாடி முன்னால் சட்டையில் குத்திப் பார்ப்பதற்குத் தடையில்லை. அப்படியே தெருவில் இறங்கி, போலீஸ்தான் என்று பிறர் நம்பட்டும் என நடந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 205-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.