வீடு எரிந்ததா? எடு அபராதத்தை!

ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஓலோட் என்ற ஊரிலிருந்து ஜிரோனா நகரம் வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு மண் பாதை ஓடுகிறது. லாரித் தொல்லை, ஹாரன் சத்தம் எதுவும் கிடையாது. நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் ஓலோட்டில்தான் ஆரம்பிப்பார்கள். ஓலோட் 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜிரோனா 70 மீட்டரில். தொடக்கத்தில் ஒரு கணவாய் வரை மூச்சு வாங்கும். அதற்கப்புறம் சைக்கிள் தானே பார்த்துக்கொள்ளும். ஜிரோனாவில் ஆரம்பித்து மேலே மிதிக்கிறவர்களும் உண்டு. வீட்டில் யாருடனோ கோபமாக இருக்கும்.

இந்தப் பாதையின் பூர்வாசிரமம் ரயில். பெயர் கரிலெட். நிலக்கரியில் ஓடியதால் கரிலெட் என்று நம் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். இல்லை, அவர்கள் மொழியில் தண்டவாளத்துக்கு ‘கரில்’. குட்டித் தண்டவாளம் என்பதால் கரிலெட். குட்டி என்றால் நிஜமாகவே குட்டி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 750 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. ஒரு ஆள் காலைக் கொஞ்சம் அகட்டி நின்றால் ரயில்வேயே முடிந்துவிடும். முதல் துண்டு 1895ல் திறந்தது. ஓலோட்டுக்கு ரயில் வந்து சேர்ந்தபோது 1911. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்குச் சுமார் ஒன்பது மீட்டர். ஒரு மடிசார் புடவை, பிளவுஸ் துணியோடு.

போட்ட வேகத்திலேயே ஓடவும் செய்தது. புறப்படுவது அதன் இஷ்டம், போய்ச் சேருவது அதன் சக்தி என்று உள்ளூர்க்காரர்கள் கேலி பேசினார்கள். கடைசியில் 1969ல் மூடிவிட்டார்கள். மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு பாதை மட்டும் மிஞ்சியது. ரயில் ஏற வேண்டுமே என்று சரிவை மெதுவாக அமைத்திருந்தார்கள். அந்தச் சோம்பேறி ரயில் விட்டுப்போன ஒரே சொத்து இன்று நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது.

ஓலோட்டை விட்டுக் கிளம்பும் முன் அங்கே தயாராகும் இரண்டு சரக்குகளைச் சொல்ல வேண்டும். ஒன்று எரிமலை. ஊருக்குள்ளேயே நான்கு இருக்கின்றன. வட்டாரம் முழுக்க எண்ணினால் நாற்பது தேறும். எல்லாம் தூங்குகின்றன. கடைசியாக ஒன்று கொட்டாவி விட்டு 11,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நெருப்புக் கக்கிய வாய் என்று கூடப் பார்க்காமல் அதன் விளிம்பில் கோயில் கட்டிவிட்டார்கள். மொன்சகோபா எரிமலை உச்சியில் புனித பிரான்சிஸ் கோயில். கொஞ்சம் தள்ளி சாந்தா மார்கரிதா எரிமலையின் வாய்க்குள்ளேயே ஒரு கோயில். நெருப்புப் பெட்டிக்குள் பிள்ளையார் வைத்த மாதிரி.

இன்னொரு சரக்கு புனிதர்கள். 1880ல் வைரேதா சகோதரர்களும் ஜோசெப் பெர்காவும் சேர்ந்து ‘எல் ஆர்தே கிறிஸ்தியானோ’ என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். மரத்தூள் கூழை அச்சில் ஊற்றி, காய வைத்து, வண்ணம் தீட்டி, கண்ணாடிக் கண் பதித்து, பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கினால் புனிதர் ரெடி. சூசையப்பரா, அந்தோணியாரா, எத்தனை அடி, எத்தனை டஜன்? ஆர்டர் கொடுத்தால் போதும். 1936ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் தேவாலயங்களில் சிலைகளை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். போர் முடிந்தது. எல்லாத் தேவாலயங்களுக்கும் ஒரே நேரத்தில் புதுப் புனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஓலோட் பட்டறைகளுக்கு அப்படி ஒரு பொற்காலம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கடவுள் மறுப்பாளர்கள் எந்தத் தொழிலுக்காவது இவ்வளவு சேவை செய்திருக்கிறார்களா, யோசியுங்கள்.

கணவாயைத் தாண்டியதும் சைக்கிள் உருள ஆரம்பிக்கும். சான் ஃபெலியு தெ பலெரோல்ஸ் என்ற ஊரைக் கடந்து புருஜென்த் ஆற்றோடு போகும்போது மரங்களுக்கு மேலே ஒரு குன்றைப் பாருங்கள். உச்சியில் இடிந்த சுவர் தெரிந்தால் அது ஓஸ்தோலெஸ் கோட்டை. இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய கதை அங்கேதான் இருக்கிறது. இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் கேளுங்கள்.

இடைக்காலத்தில் இந்தப் பக்கத்து விவசாயிக்கு ரெமென்சா என்று பெயர். மீட்புப் பணம் என்று அர்த்தம். நிலத்தோடு சேர்ந்த ஆள். பண்ணையை விட்டுப் போக வேண்டுமானால் பண்ணையாரிடம் தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கன்னிப்பெண் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போகிறாளா, அந்தக் கால நாணயத்தில் இரண்டு சூ எட்டு தினேர் கட்டு. ஆம்பிளையா, உட்கார்ந்து பேசலாம் வா. பேச்சு எப்போதும் பண்ணையாருக்குச் சாதகமாகவே முடியும்.

இதோடு விட்டார்களா? ‘மால்ஸ் ஊசோஸ்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். கெட்ட வழக்கங்கள் என்று அர்த்தம். வசூலிக்கிறவர்களே கெட்ட வழக்கம் என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டு வசூலித்த அந்த நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும். உயில் எழுதாமல் செத்தால் சொத்தில் ஒரு பங்கு பண்ணையாருக்கு. சரி, உயில் எழுதியாயிற்று, ஆனால் பிள்ளை இல்லை என்றால் அதற்கும் ஒரு பங்கு. கல்யாண ஒப்பந்தத்தில் பண்ணையார் கையெழுத்துப் போட்டால் அதற்குக் கட்டணம். நம்மூரில் மாப்பிள்ளைக்கு மொய் வைப்பார்கள், அங்கே மாப்பிள்ளை பண்ணையாருக்கு மொய் வைத்தான். மனைவி வேறொருவனோடு தொடர்பு வைத்திருந்தால் அவள் சொத்தில் பாதி பண்ணையாருக்கு. புருஷனின் சம்மதத்தோடு நடந்திருந்தால் முழுவதும். அவன் குடும்பமே உடைந்துகொண்டிருக்கிறது, வாசலில் கணக்குப்பிள்ளை நின்றுகொண்டு, “தம்பி, உனக்குத் தெரிந்தா, தெரியாமலா? ரசீதில் எழுதணும்” என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ‘ஆர்சியா’. விவசாயியின் வீடு தீப்பிடித்து எரிந்தால், விவசாயி பண்ணையாருக்கு அபராதம் கட்ட வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாம் பழமொழி சொல்லி நிறுத்திக்கொண்டோம். இவர்கள் சட்டமாக எழுதினார்கள். அது போக, 1202ல் செர்வேராவில் கூடிய சபை, பண்ணையார் தன் விவசாயியை மோசமாக நடத்தினால் அரசரிடம் முறையிட முடியாது என்றே தீர்த்துவிட்டது. அடிக்கும் உரிமை, அரசாங்க முத்திரையோடு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது 1427ல் பூமி குலுங்கியது. முதலில் அமேர் ஊர், பிறகு மே மாதம் ஓலோட் தரைமட்டம், 1428 பிப்ரவரியில் மலைப்பக்கம் இன்னொரு பேரதிர்ச்சி. மேலே சொன்ன பட்டியலை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன். தீ இருக்கிறது, மலடு இருக்கிறது, சோரம் இருக்கிறது, நிலநடுக்கம் இல்லை. எப்படி விட்டுப்போயிற்று என்று எத்தனை கணக்குப்பிள்ளைகள் அன்று தலையில் அடித்துக்கொண்டார்களோ!

1462ல் விவசாயிகள் எழுந்தார்கள். தலைவர் பிரான்செஸ்க் தெ வெர்ந்தல்லாத், பக்கத்து சான் பிரிவாத் ஊர்க்காரர். சின்ன பிரபு குலம். பிரபு என்ற பட்டம் உண்டு, அதற்குத் தகுந்த பணம் இல்லை. புரட்சிக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி எது? அவர் ஓஸ்தோலெஸ் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே வருஷம் அரசருக்கும் கத்தலோனியப் பிரபுக்களுக்கும் போர் மூண்டது. விவசாயிகள் அரசர் பக்கம் சேர்ந்தார்கள். பண்ணையாரின் எதிரி நமக்கு நண்பன், அவ்வளவுதான் கணக்கு. அந்தப் போரின் ஆரம்பத்தில், ஜிரோனா கோட்டைக்குள் அரசியும் பத்து வயதுப் பையனான இளவரசனும் முற்றுகையில் சிக்கிக்கொண்டார்கள். வெளியே பிரபுக்களின் படை. அந்தப் பையன் பெயர் பெர்னாந்தோ. பின்னாளில் இசபெல்லாவின் கணவனாக, கொலம்பஸை அனுப்பிய அரசனாக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஆள். பத்து வயதில் தன் மீது யார் கல்லெறிந்தார்கள் என்பதை எந்தப் பையனும் மறப்பதில்லை.

போர் பத்து வருஷம் நடந்தது. அரசர் ஜெயித்தார். வெர்ந்தல்லாத்துக்கு ஓஸ்தோலெஸின் விஸ்கவுண்ட் என்று பட்டம் கிடைத்தது. விவசாயிகளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. 1484ல் பெரே ஜோவான் சாலா என்பவர் மறுபடி கொடி தூக்கினார். அவருக்குப் பொறுமை குறைவு, மறுவருஷமே பார்சிலோனாவில் தலையும் போயிற்று. கடைசியாக 1486 ஏப்ரலில், வளர்ந்துவிட்ட பெர்னாந்தோ குவாதலூப்பே மடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். மீட்புப் பணத்தையும் சேர்த்து ஆறு கெட்ட வழக்கங்களும் ரத்து. விவசாயி சுதந்திர மனிதன். கை தட்டும் முன் அடுத்த வரியைப் படியுங்கள்: பண்ணைக்கு 60 சூ கட்ட வேண்டும். ஒரு கெட்ட வழக்கத்துக்குப் பத்து சூ வீதம் ஆறுக்கு அறுபது. மளிகைக் கடைச் சிட்டை மாதிரி துல்லியம். அது தவிர, கலகம் செய்ததற்கு மொத்தமாக 50,000 லியுரா அபராதம், அரசருக்கு. அபராதங்களை எதிர்த்துப் போராடி, அபராதம் கட்டி ஜெயித்த புரட்சி அது. ஆனாலும் நான் கிண்டலோடு நிறுத்த மாட்டேன். ஐரோப்பாவில் எத்தனையோ விவசாயக் கலகங்கள் நடந்தன. அநேகமாக எல்லாமே தூக்குமரத்தில் முடிந்தன. கையில் பத்திரத்தோடு வீட்டுக்குப் போன மிகச் சிலரில் இந்த ஆட்களும் உண்டு.

மறுபடி மிதியுங்கள். அடுத்து அமேர். வளைவு மண்டபங்கள் சூழ்ந்த பெரிய சதுக்கம், ஓரத்தில் பெனடிக்ட் சபை மடத்தின் தேவாலயம். மடாதிபதியும் பண்ணையார்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்; ஜெபம் ஒரு கையில், கணக்கு நோட்டு மறு கையில். இந்த ஊரில் ஒரு ரொட்டிக்கடைக் குடும்பத்தில் 1962ல் பிறந்தவர் கார்லெஸ் புஜ்தெமோன். கத்தலோனியாவின் தலைவராகி, 2017 அக்டோபரில் தனிநாட்டுப் பிரகடனம் நிறைவேறிய சில நாளில் பெல்ஜியத்தில் தென்பட்டார். அவர் செய்தது சரியா தவறா என்று அமேர் சதுக்கத்தில் சத்தமாகக் கேட்காதீர்கள். சைக்கிள் வாடகை மணிக் கணக்கில் ஏறும். ஒன்று மட்டும் நிச்சயம்: 1486க்கு முன்னால் என்றால் ஊரை விட்டுப் போனதற்கு மீட்புப் பணம் கேட்டிருப்பார்கள்.

ஆங்லெஸ், பொன்மதி, சால்ட் எல்லாம் தெர் ஆற்றங்கரை ஆலை ஊர்கள். ஆங்லெஸில் ஓவியர் ரெமேதியோஸ் வாரோ பிறந்தார், மெக்சிகோவில் போய்ப் புகழ் பெற்றார். மற்றபடி அங்கே பாதை தட்டை, வெயில் நேரடி, கதை குறைவு. வேகமாக மிதித்துவிடுங்கள்.

ஜிரோனா. 1285ல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப், போப்பின் ஆசியோடு, சிலுவைப்போர் என்ற பெயரில் இங்கே வந்து ஊரைப் பிடித்தான். கிறிஸ்தவ ஊர் மீது கிறிஸ்தவர்களே நடத்திய சிலுவைப்போர். போப்புக்கும் அரகோன் அரசருக்கும் சிசிலி விஷயத்தில் வாய்க்கால் தகராறு. பிரெஞ்சு வீரர்கள் ஊர்க் காவல் புனிதரான நார்சிஸின் கல்லறையை உடைத்தார்கள். உள்ளே நகை இருக்கும் என்று எட்டிப் பார்த்தவர்கள் முகத்தில் ஈக்கூட்டம் பாய்ந்தது. கடித்த இடத்தில் குதிரையும் விழுந்தது, வீரனும் விழுந்தான். இது ஊர் சொல்லும் கதை. வைத்தியர்களைக் கேட்டால் படையில் பரவிய கொள்ளைநோய் என்பார்கள். எப்படியோ, பிலிப்பும் நோயில் படுத்து அக்டோபரில் பெர்பினியான் ஊரில் செத்துப்போனான். ஜிரோனாக்காரர்கள் ஈயை இன்றும் கொண்டாடுகிறார்கள். இந்த 54 கிலோமீட்டரில் பைசா கேட்காமல் மக்களுக்கு வேலை செய்த ஒரே படை அதுதான்.

அந்தக் கல்லறை இருக்கும் சான் ஃபெலியு தேவாலயத்துக்கு எதிரே ஒரு தூணில் கல் சிங்கம் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. பெண் சிங்கம் என்கிறார்கள். அதன் பின்புறத்தை முத்தமிட்டால்தான் ஜிரோனாவாசி ஆகலாம், வெளியூர்க்காரர் முத்தமிட்டால் மறுபடி இந்த ஊருக்கு வருவார். எட்டுவதற்கு ஒரு காலத்தில் படி கூடப் போட்டு வைத்திருந்தார்கள். வியர்த்து வழிந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிள்காரர்களும் அன்று வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்கும் அம்மா கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் உதட்டை வைப்பார். முத்தம் முடிந்து கீழே இறங்கியதும் யாராவது அவர்களிடம் சொல்வார்கள்: இது நகல். அசல் அருங்காட்சியகத்தில், பத்திரமாக இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். முத்தமிட அனுமதி இல்லை.