ஹெலிகொப்டர் எதற்கு?

கேள்வி: அரசாங்கம் ஒருவனைக் கண்காணித்துத் துரத்தும் படங்களில், கோடி கொட்டியவற்றைவிடச் சின்னப் படங்களே மனதில் நிற்கின்றனவே, ஏன்?
– வாசகர், புல்மோட்டை

பதில்: காசு இருந்தால் ஹெலிகொப்டர் பறக்கும். இல்லாவிட்டால் ஓடுகிறவனின் முகத்தைக் காட்டியே தீரவேண்டும். பயம் குடியிருப்பது அங்கேதானே!

மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பாருங்கள். பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். குண்டடிபட்டுத் தெருவில் கிடந்தவனை வீட்டுக்குத் தூக்கிவந்து, பேராசிரியரிடம் போனில் கேட்டுக் கேட்டே அறுவைசிகிச்சை செய்கிறான் ஒரு மருத்துவ மாணவன். காப்பாற்றியது போலீஸ் தேடும் கொலைகாரனை என்பது விடிந்த பிறகுதான் தெரிகிறது. அடுத்து அந்த மாணவனையே தூண்டில் புழுவாக்குகிறது போலீஸ். மலையாளத்தில் மார்ட்டின் பிரக்காட்டின் ‘நாயாட்டு’ (2021) இன்னும் ஒரு படி மேல்: போலீஸ்காரர்களைப் போலீசே துரத்துகிறது. தேடும் வித்தை தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி!

உங்கள் ஊருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போர்க்காலத்தில் திருகோணமலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். ஆமிக்காரர் அட்டையைப் புரட்டி, முகத்தைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்க்கும் அந்த அரை நிமிடம் எந்தத் துரத்தல் படத்திலும் சரியாக வந்ததில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது: தற்காலிகம் என்று 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாகவே குடியேறிவிட்டது. அந்த அரை நிமிடத்தைப் படமாக்க ஒரு பழைய பஸ்ஸும் ஒரு வீதித்தடையும் போதும். ஊர்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலாவது எடுக்கட்டும்; முதல் காட்சிக்கு நான் வருகிறேன்.